பலகையை நம்பு, காதை நம்பாதே

அத்தியாயம் 9

அப்பனைக் கொன்றவன் என்று ஒருவனுக்குப் பெயர் வைக்க இந்தத் திருச்சி மாநகரத்துக்கு முழுசாக இரண்டு நாள்கூடத் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாலக்கரையில் பாக்கியநாதனின் குடோன் பற்றிக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்ட வேலையாள் மருதை மூச்சு முட்டிச் செத்தார். புதன்கிழமை சாயங்காலம், பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில் நின்றிருந்த மருதையின் மகன் அஜித்தைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியது. வியாழக்கிழமை காலைக்குள் டீக்கடைக்கு டீக்கடை தீர்ப்பே எழுதி முடித்துவிட்டார்கள். நரம்பில்லாத நாக்கு, எப்படி வேண்டுமானாலும் வளையும்.

அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்குத்தான் ஜீயபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஸ்ரீரங்கம் மேலச்சித்திர வீதியில் ஆனந்தவள்ளியின் துப்பறியும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் வேலம்மாள். மருதையின் மனைவி. கழுத்தில் தாலி இன்னும் இருந்தது. கொள்ளி வைத்து முடித்தால்தானே அதைக் கழற்றுவார்கள்?

ஆனந்தவள்ளி முப்பது வருஷம் தந்தி ஆபீஸ் கவுன்ட்டரில் வார்த்தைகளை எண்ணிக் காசு வாங்கியவர். தந்தியையே மூடி இத்தனை வருஷம் ஆகியும், ஒவ்வொரு வார்த்தைக்கும் யாரோ கட்டணம் கேட்கிற மாதிரிதான் பேசுவார். அவருடைய உதவியாளன் பிராங்க்ளின் கால் டாக்ஸி ஓட்டியவன். அவன் பேச்சுக்கு மீட்டரே கிடையாது.

"அஞ்சு மணிக்கு என் பிள்ளையை மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தப் போறாங்களாம்மா. அப்புறம் ஜெயிலு. எங்க வீட்டுக்காரரு இன்னும் ஐஸ் பெட்டியிலதான் கிடக்காரு. கொள்ளி வைக்க இவன் ஒருத்தன்தான் இருக்கான்."

"பங்காளிங்க யாரும் இல்லீங்களா?" என்றான் பிராங்க்ளின்.

"இருக்காங்க. நேத்து வீட்டு வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒரு தடவை எரிச்சவன் போதும், ரெண்டாம் தடவையும் அவனே எரிக்க வேணாம்னு."

மனுஷப் பிறவிகள்தானா இவர்கள் என்று பிராங்க்ளின் முணுமுணுத்தான்.

"அஜித் மேல ஏன் சந்தேகம்?" என்றார் ஆனந்தவள்ளி.

"சிங்கப்பூர் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னான். இவரு வேணாம்னாரு. செவ்வாக்கிழமை அப்பனுக்குச் சோறு கொண்டு போன எடத்துல, குடோன் வாசல்லயே நின்னு கத்தியிருக்கான். நீ இருக்கற வரைக்கும் எனக்கு விடிவே கிடையாதுன்னு. தெருவே கேட்டிருக்கு. சண்டையில இவரு லாரியையும் விட்டுட்டாரு. மத்த மூணு பேரும் காட்டூருக்கு லோடு இறக்கப் போயிட்டாங்க. இவரும் அதுல போயிருக்க வேண்டியவரு."

"பேப்பர்ல வந்த வில்லை?"

"அதாம்மா எமனா வந்துருச்சு."

அந்த வில்லை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். பாக்கியநாதன் வைத்திருப்பது வெள்ளைக்காரன் காலத்து கெஜட்டுகள், சட்டப் புத்தகங்கள், பழைய தந்திகள் எல்லாம் வாங்கி விற்கிற குடோன். அவருடைய தாத்தா நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தங்கச் சுரங்கத்தில் எழுத்தராக இருந்தவர். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை வாசல் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவான். ஏறி வந்ததும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். வில்லை தொங்கினால் உள்ளே ஆள் என்று அர்த்தம். உள்ளே தீப்பிடித்தால் முதலில் பலகையைப் பார்க்க வேண்டும். ஒரு வில்லையும் இல்லை என்றால்தான் சுரங்கத்தின் வாயை அடைக்க வேண்டும். காற்றுக் கிடைக்காமல் தீ தானாகச் செத்துவிடும்.

பேரன் நாற்பது வருஷமாக அதை அப்படியே தன் குடோனில் வைத்திருந்தார். பலகையில் ஐந்து ஆணி. ஒன்றாம் நம்பர் முதலாளி, நான்காம் நம்பர் மருதை.

"தீ பிடிச்சப்ப பலகை காலியா இருந்துச்சாம். ஆள் இல்லைன்னு ஐயா முன்னாடி பின்னாடி ரெண்டு இரும்புக் கதவையும் மூடிட்டாராம். ஆனா இவரு உள்ள இருந்தாரு. அந்த நாலாம் நம்பரு வில்லையை நேத்து சாயங்காலம் பிணவறை வாசல்ல வச்சு அஜித் ஸ்கூட்டர் டிக்கியிலேர்ந்து போலீஸ் எடுத்துச்சு. அவன்தான் தீயை மூட்டி விட்டு, அதைக் கழட்டி ஒளிச்சுட்டு, ரெண்டு மணிக்குத் துவாக்குடிப் பட்டறை வேலைக்குப் போயிட்டான்னு சொல்றாங்க."

"உங்க வீட்டுக்காரர் மாட்டவே மறந்திருக்கலாமே?"

வேலம்மாள் முதன்முறையாக லேசாகச் சிரித்தாள். "அவரா? வீட்டுல குளிக்கப் போறப்பக்கூட அந்த வில்லையை எடுத்துக் கொல்லைக் கதவு ஆணியில மாட்டிட்டுத்தாங்க போவாரு. பதினேழு வருசப் பழக்கம்."

"உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"யாரையும் கை காட்டத் தெரியலைம்மா. ஐயாகூட நேத்து பிணவறைக்கு வந்து, என் காலைத் தொட்டு அழுதாரு. என் பிள்ளை செய்யலைன்னு மட்டும் தெரியும்."

ஆனந்தவள்ளி எழுந்து செருப்பை மாட்டினார். "பிராங்க்ளின், வண்டி."

"இருங்க மேடம், ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டீங்க. எனக்கு என்னமோ ஏமாந்த மாதிரி இருக்கு," என்று சொல்லிக்கொண்டே அவன் சாவியை எடுத்தான்.

வேலம்மாளையும் ஏற்றிக்கொண்டு கார் காவிரிப் பாலத்தைத் தாண்டியது.

---

மேலப்புதூரில் ஒரு மாடி அறை. ஸ்தனிஸ்லாஸ் அங்கிருந்துதான் யூடியூபில் உள்ளூர்ச் செய்திச் சேனல் நடத்திக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை தீயை முதலில் சொன்னவன் அவன்தான். 'நூறு வருடத்துக்கு முந்தைய சுரங்க விதியால் தெருவையே காப்பாற்றிய தியாகி' என்று பாக்கியநாதனைத் தூக்கி வைத்ததும் அவன்தான். அன்றைக்குச் சாயங்காலம் பிணம் கிடைத்ததும் 'தியாகி'யை மட்டும் எடுத்துவிட்டு அதே வீடியோவை மறுபடி போட்டான். என்ன பிழைப்போ!

"செய்தி எப்படிக் கிடைச்சது?" என்றார் ஆனந்தவள்ளி.

"பாக்கியநாதன் சாரே வாட்ஸப் பண்ணினாருங்க மேடம். பாருங்க, மூணு மணி ரெண்டு நிமிஷம்."

பிராங்க்ளின் போனை வாங்கிச் சத்தமாகப் படித்தான்.

"பாலக்கரையில் என் குடோனில் தீ விபத்து. பழைய சுரங்க விதிப்படி காற்றுப் புகாமல் கதவை அடைத்து, தெருவுக்குப் பரவாமல் தடுத்துள்ளேன். அடைக்கும் முன் பலகையைப் பார்த்து, வில்லை எதுவும் தொங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருக்கிறது."

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. வீடு பத்தி எரியறப்ப நான்னா வேட்டியைத் தேடிட்டு இருப்பேன்," என்றான்.

ஆனந்தவள்ளி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "கதவை எப்பத் திறந்தாங்க?"

"மூணு அம்பதுக்கு மேடம். ஃபயர் சர்வீஸ் வந்த உடனே திறக்கத்தான் பார்த்தாங்க. காத்து உள்ள போனா மொத்தத் தெருவும் போயிடும், உள்ள ஆள் இல்லைன்னு பலகையைப் பார்த்துட்டேன்னு சார்தான் தடுத்துட்டாரு. கூரை ஓட்டைப் பிரிச்சுத் தண்ணி அடிச்சாங்க. எல்லாம் அடங்கினப்புறம் திறந்தா, கதவை ஒட்டி மருதை கிடந்தாரு." அவன் வேலம்மாளைப் பார்த்துவிட்டு அவசரமாகக் குரலைத் தாழ்த்தினான்.

"இந்த வில்லை வரியை நீ வீடியோவுல படிக்கலையே?"

"வெட்டிட்டேன் மேடம். அது யாருக்கு வேணும்? அந்த நேரத்துல உள்ள ஒரு ஆள் இருக்கான்னே யாருக்கும் தெரியாது."

"அதான்," என்றார் ஆனந்தவள்ளி.

"அதான்னா? மேடம், ஒத்த வார்த்தைக்கு மேல போனா ஜிஎஸ்டியா போடப் போறாங்க? எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்க."

"யாரும் கேக்காத கேள்விக்கு எவனும் காசு கட்டிப் பதில் அனுப்ப மாட்டான், பிராங்க்ளின். முப்பது வருஷத்துல நான் பார்த்ததே இல்லை. தீப்பிடிச்சுது, அடைச்சேன், வண்டி வருது. மூணும் செய்தி. உள்ள யாராவது இருந்தாங்களான்னு அந்த நேரத்துல யாரு அவரைக் கேட்டா?"

பிராங்க்ளின் திரும்பி வேலம்மாளைப் பார்த்தான். அவள் சுவரில் தொங்கிய, ஒரு பழைய தந்தித் தாளின் பெரிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தாளை எங்க வீட்டுக்காரரு கையில பார்த்திருக்கேங்க. ஐயா புதுசா வாங்கின கட்டுன்னு சொன்னாரு," என்றாள்.

"ஆமாம்மா, போன மாசம் நான் ஒரு ஸ்டோரி பண்ணினேன்," என்றான் ஸ்தனிஸ்லாஸ். "ஒரு சுரங்கத் தீ பத்தி அந்தக் காலத்து நிருபர் பத்திரிகைக்கு அடிச்ச தந்திகள். சென்னையில ஒரு பெரிய சேகரிப்பாளர் பாதிக் கட்டை வாங்கிட்டாரு. மீதிக் கட்டைப் பார்க்க நேத்து வர்றதா இருந்துச்சு. பாவம், எல்லாம் எரிஞ்சு போச்சு."

ஆனந்தவள்ளி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் போனார். தலைப்பில் பத்திரிகைத் தந்தி என்ற முத்திரை. கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. அவர் தமிழில் சொன்னார்: "மூன்றாம் மட்டத்தில் தீ. பதினொரு பேரைக் காணவில்லை. வாய் அடைக்கப்பட்டது. அம்மாவுக்குக் காய்ச்சல் குறைந்ததா என்று உடனே தெரிவிக்கவும்."

"அய்யோ பாவம், அம்மா மேல எவ்வளவு பாசம்," என்றான் பிராங்க்ளின்.

"பாசம் இருக்கலாம். பத்திரிகைத் தந்தியில இருக்கக் கூடாது. அதுக்குக் கட்டணம் கம்மி. அதனால பிரசுரத்துக்குண்டான செய்தி மட்டும்தான் வாங்குவோம். சொந்த விஷயம் ஒரு வார்த்தை கலந்தாலும் கவுன்ட்டர்லயே திருப்பிக் கொடுத்துடுவோம், இல்ல முழுக் கட்டணம் போட்டு சாதாத் தந்தியா மாத்திடுவோம். இந்த முத்திரையோட இந்த வரி வெளியே போயிருக்கவே முடியாது." அவர் படத்தை விரலால் தட்டினார். "போலி. விலை ஏறணும்னு உருக்கத்தைச் சேர்த்திருக்கான்."

"அப்ப நேத்து வர்றதா இருந்த சேகரிப்பாளரு..."

"ஒண்ணு ரெண்டுல தப்பிச்சுடலாம். மீதிக் கட்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தா போலின்னு கண்டுபிடிச்சுடுவாரு. அதனால அந்தக் கட்டு எரியணும்."

வேலம்மாளுக்கு இதில் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

---

பாலக்கரைச் சந்தில் கரி வாடை இன்னும் போகவில்லை. மணி மூன்றரை. இன்ஸ்பெக்டர் யமுனா ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தாள். ஆனந்தவள்ளி போனில் கூப்பிட்டதால் வந்திருந்தாள், ஆனால் முகம் கடுகடு என்று இருந்தது.

"மேடம், உங்களுக்காகத்தான் வந்தேன். நாலரைக்குப் பையனைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். பாக்கியநாதன் தன் தெருவைக் காப்பாத்தினவரு. ரெண்டு நாளா பச்சைத் தண்ணி பல்லுல படலை. அவரைப் போய்க் குடையணுமா?"

"வில்லை போட்டோ?"

யமுனா போனை நீட்டினாள். அஜித்தின் டிக்கியில் கிடைத்த நான்காம் நம்பர் வில்லை தங்கக் காசு மாதிரி மின்னியது.

வேலம்மாள் எட்டிப் பார்த்தாள். "இதா? இது இவருதே இல்லைங்க. இவரு வில்லை வேர்வை பட்டுப் பட்டுக் கறுத்துக் கிடக்கும். ஒரு தடவை புளி போட்டு விளக்கித் தரவான்னதுக்கு, வேணாம்டி, அது என் கை பட்ட கறுப்புன்னாரு."

"நம்பர் அதேதானம்மா. வேற வில்லை கிடையாது," என்றாள் யமுனா.

"அப்ப யாரோ விளக்கியிருக்காங்க," என்றார் ஆனந்தவள்ளி.

"கொலை பண்ணிட்டு, தடயத்தைப் புளி போட்டு விளக்கி, சொந்த டிக்கியில வச்சுக்கறானா அஜித்?" என்றான் பிராங்க்ளின். "அவ்வளவு சுத்தம் பார்க்கற பையன், இந்த போட்டோவுல பார்த்தா ஸ்கூட்டரைக் கழுவி ஆறு மாசம் இருக்கும் போலிருக்கே!"

எதிர் டீக்கடையிலிருந்து அற்புதம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். வேலம்மாளின் கையைப் பிடித்தாள். "நான் கேட்டேன்டி. டொம்மு டொம்முனு கதவைத் தட்டுற சத்தம். ஐயாகிட்ட சொன்னேன். மூங்கில் அடுக்கு வெடிக்குதும்மா, காதை நம்பாதே, பலகையைப் பாருன்னாரு. காலிப் பலகையைக் கையால காட்டினாரு. நான் படிக்காதவ. வாயை மூடிட்டுப் போயிட்டேன். பாவி நான்."

"நீங்க பார்த்தப்ப எத்தனை மணி?" என்றார் ஆனந்தவள்ளி.

"தீயணைப்பு வண்டி வந்த நேரம். மூணு பத்து இருக்கும்."

"தீ?"

"ரெண்டே முக்காலுக்கே புகைஞ்சுது. நான் அப்ப கடைக்குப் பின்னாடி பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். முன்னால வந்து பார்க்கறப்ப ஐயா ஈரச்சாக்கு வச்சு கதவு இடுக்கை அடைச்சுக்கிட்டு இருந்தாரு. ஒரே புகையில பலகையெல்லாம் எங்க தெரிஞ்சுது?"

ஆனந்தவள்ளி தலையை மட்டும் ஆட்டினார்.

குடோன் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு பாக்கியநாதன் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. சவரம் செய்யாத முகம். மடியில் ஓரம் கருகிய ஒரு கையேடு. வேலம்மாளைப் பார்த்ததும் எழுந்து கை கூப்பினார்.

"மன்னிச்சுடும்மா. என் கையாலயே மூடிட்டேன். தாத்தா எழுதி வச்சதைத்தான் செஞ்சேன். பாருங்க." கையேட்டின் முதல் பக்கத்தில் மசிக் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. பலகையை நம்பு, காதை நம்பாதே. "தீப்பட்ட மரம் வெடிக்கறப்ப ஆள் தட்டற மாதிரியே கேக்கும். அதைக் கேட்டுத் திறந்து, மேல இருந்தவங்களும் செத்துப் போயிருக்காங்க. அதான் இப்படி ஒரு விதி."

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதார். யமுனா ஆனந்தவள்ளியை முறைத்தாள்.

பிராங்க்ளின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், கூரைச் சரிவுக்குக் கீழே அது தொங்கியது. கதவு இடுக்கில் கசிந்த புகை படிந்து பலகையும் சுவரும் அட்டைக் கறுப்பு. அதன்மேல் நாலு வில்லைகள் வரிசையாகத் தொங்கின. கடைசி ஆணி மட்டும் காலி.

"ஏங்க சார், குடோன் பூட்டிக் கிடக்கு. உள்ள நாலு பேரு வேலை பார்க்கறாங்களா?" என்றான்.

பாக்கியநாதன் நிமிர்ந்தார். "என்ன?"

"வில்லை தொங்கினா உள்ள ஆள்னு இப்பத்தான் சொன்னாங்க. உள்ள எலிதான் இருக்கும். எலிக்கும் நம்பர் குடுத்திருக்கீங்களா?"

"அது... மருதைக்கு ஒரு மரியாதை. பசங்ககிட்ட இருந்த வில்லையை எல்லாம் செவ்வாக்கிழமை சாயங்காலமே வாங்கி மாட்டி வச்சேன்."

"நல்ல மரியாதை. ஆனா நாலாம் ஆணியில அஞ்சாம் நம்பர் தொங்குதே? அஞ்சாம் ஆணி பாருங்க, அம்போன்னு நிக்குது."

"கை நடுக்கத்துல மாத்தி மாட்டியிருப்பேன்."

"நாப்பது வருஷத்துல இந்தப் பலகையில ஒரு வில்லை இடம் மாறியிருக்கா?" என்றார் ஆனந்தவள்ளி. பதிலுக்குக் காத்திருக்காமல், மூன்றாம் ஆணியின் வில்லையை எடுத்தார். அடியில் மற்ற இடம் போலவே கரி. இரண்டாம் ஆணியின் வில்லையை எடுத்தார். அங்கேயும் கரி.

நான்காம் ஆணியிலிருந்த வில்லையை எடுத்தார்.

அடியில் பழைய மரத்தின் நிறத்தில் ஒரு வட்டம், வில்லை அளவுக்கு, சுத்தமாக இருந்தது. யமுனா ஜீப்பை விட்டு ஓடிவந்தாள்.

"புகை கசிஞ்சப்ப இந்த ஆணியில ஒரு வில்லை தொங்கியிருக்கு," என்றார் ஆனந்தவள்ளி. "மருதை மாட்டிட்டுத்தான் உள்ள போயிருக்காரு. நீங்க கதவை மூடறப்ப அது இங்க இருந்துச்சு, பார்த்துட்டுத்தான் மூடினீங்க. இடுக்கை அடைச்சு முடிச்சப்புறம், அற்புதம்மாள்கிட்ட காட்டறதுக்கு முன்னாடி கழட்டியிருக்கீங்க. ஒரு பக்கம் கரி பிடிச்ச வில்லை. அதை அப்படியே அஜித் டிக்கியில போட முடியாது. அவன் ரெண்டு மணிக்கே கிளம்பி துவாக்குடிப் பட்டறைக்கு வேலைக்குப் போயிட்டான். அதனால விளக்கி, நேத்து பிணவறைக்கு அழ வந்தப்ப போட்டீங்க. வட்டத்தை அழிக்க முடியலை, துடைச்சா பலகை மட்டும் வெள்ளையாத் தெரியும். அதனால மறைச்சீங்க."

தந்தி ஆபீஸ் விட்ட நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

பாக்கியநாதனின் அழுகை சட்டென்று நின்றது.

"வட்டம் எப்ப விழுந்துச்சோ யாரு கண்டா? கோர்ட்டுல சொல்லுங்க," என்றார் அவர். "எனக்கும் மருதைக்கும் என்னம்மா பகை? நான் எதுக்கு அவனைக் கொல்லணும்?"

யமுனா ஆனந்தவள்ளியைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். கட்டு எரிய வேண்டும், சரி. ஆள் எதற்கு எரிய வேண்டும்? தீ என்று தெரிந்தும் மருதை எதற்கு உள்ளே போனார்?

பிராங்க்ளினுக்கு என்னமோ கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ரெண்டு, மூணு, அஞ்சு மூன்றும் ஆனந்தவள்ளியின் உள்ளங்கையில் கறுத்துக் கிடந்தன. பலகையில் மிச்சம் ஒன்றே ஒன்று.

"மேடம்! முதலாளி வில்லையைப் பாருங்க. அதுவும் பளபளன்னு இருக்கு!"

அவனே எட்டி ஒன்றாம் நம்பர் வில்லையைக் கழற்றினான். அடியில் இன்னொரு வெள்ளை வட்டம்.

ஆனந்தவள்ளி பாக்கியநாதனுக்கு எதிரே போய் நின்றார்.

"தீ வைக்கத்தான் உள்ள போனீங்க. அப்பவும் உங்க வில்லையை மாட்டிட்டுப் போயிருக்கீங்க. நாப்பது வருஷக் கை, தானா மாட்டியிருக்கு. பின்கதவு வழியா வெளிய வந்து பூட்டிட்டீங்க. லாரியை விட்டுட்டு நின்ன மருதை புகையைப் பார்த்துட்டு ஓடி வந்திருக்காரு. பலகையில உங்க வில்லை. நீங்க உள்ள மாட்டிக்கிட்டீங்கன்னு நினைச்சு, தன் வில்லையையும் மாட்டிட்டு உங்களைத் தூக்கத்தான் உள்ள போயிருக்காரு."

வேலம்மாள் ஒரு சத்தம் போட்டாள். அது அழுகையா, மூச்சா என்று பிராங்க்ளினுக்குத் தெரியவில்லை.

பாக்கியநாதன் ஸ்டூலில் உட்கார்ந்தார். கையேட்டை மூடினார். இனி நடிக்க வேண்டியதில்லை என்றானதும் அவர் முகத்தில் ஒரு எரிச்சல்தான் வந்தது.

"அவன் லாரியில போயிருக்கணும்," என்றார். "எல்லாரையும் அனுப்பிட்டுத்தானே செஞ்சேன்? ஒரு அடுக்கு மட்டும் எரியணும். ரெண்டு கதவையும் அடைச்சா மீதி பிழைச்சுக்கும். எல்லாம் சரியாத்தான் போச்சு. பின்பக்கம் பூட்டிட்டு முன்னால சுத்தி வந்தா, பலகையில நாலாம் நம்பர் தொங்குது."

"கதவு திறந்துதானே இருந்துச்சு? ஒரு குரல் கொடுத்திருந்தா வெளிய ஓடி வந்திருப்பாரே!" என்றாள் யமுனா.

"வந்து? ஐயா, உங்க வில்லை இங்க தொங்குதே, நீங்க எப்படி வெளியில இருக்கீங்கன்னு முதல்ல அதைத்தானே கேப்பான்? அவனுக்குப் பலகைதானே வேதம்." அவர் தோளைக் குலுக்கினார். "சாயங்காலத்துக்குள்ள ஊர் பூராச் சொல்லிடுவான். கெட்ட எண்ணம் இல்லாமலே சொல்லிடுவான்."

"அதனால அடைச்சீங்க."

"அடைச்சேன்."

யமுனா கான்ஸ்டபிளைப் பார்த்துக் கையைக் காட்டினாள். பிராங்க்ளினுக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் போல் கை துறுதுறுத்தது. அதற்குள் வேலம்மாள் அவனைத் தாண்டிக்கொண்டு போனாள். அடிக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் பாக்கியநாதனுக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, கதவை ஒட்டித்தானே நின்னீங்க? அவரு பேசினது கேட்டிருக்கும்ல? கடைசியா என்ன சொன்னாரு?"

"அதெல்லாம் வேணாம்மா."

"சொல்லுங்க. எனக்குக் கேக்கறதுக்கு இனிமே வேற என்ன இருக்கு?"

கான்ஸ்டபிள் அவர் கையில் விலங்கை மாட்டினான். பாக்கியநாதன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"கதவு மூடினதும் காத்துல தானா சாத்திக்கிச்சுன்னு நினைச்சிருக்கான். முதல்ல கொஞ்ச நேரம் உள்ளே தேடினான். ஐயா, பயப்படாதீங்க, நான் வந்துட்டேன், ஒரு குரல் மட்டும் குடுங்கன்னான். திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லிட்டு இருந்தான். அப்புறம்தான் கதவுக்கு வந்து தட்டினான். யாராவது திறங்க, எங்க ஐயா உள்ள இருக்காருன்னு."

அற்புதம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். யமுனா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜீப் பாக்கியநாதனை ஏற்றிக்கொண்டு சந்து முனையில் திரும்பும் வரை வேலம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

யமுனா ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். "அஜித்தைக் கோர்ட்டுக்குக் கிளப்ப வேணாம். நானே வரேன்." பிறகு வேலம்மாளைக் கைகொடுத்துத் தூக்கினாள். "வாங்கம்மா, பையனைக் கூட்டிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நடந்ததை எல்லாம் நானே அவன்கிட்ட சொல்லிடறேன். அப்பா எதுக்காக உள்ள போனாருன்னு அவனுக்குத் தெரியணும்ல?"

வேலம்மாள் யமுனாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் தாயி. நாளைக்குச் சொல்லிக்கலாம். இன்னைக்குத் தெரிஞ்சா அந்த ஆளை வெட்டப் போயிடுவான். மறுபடி நீங்க அவனைப் பிடிச்சு உள்ள வைப்பீங்க. எங்க வீட்டுக்காரருக்குக் கொள்ளி வைக்க ஆளிருக்காது."